கொழும்புத்துறையில் எங்கள் பேர்

எங்கள் குடும்பப் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வாசிக்கிறவர்களில் யாராவது ஒருவர் தொலைபேசியை எடுத்து, "உது உங்கடை தம்பியெல்லோ?" என்று அண்ணையிடம் கேட்டுவிடுவார். அவ்வளவு அரிதான பேர். ஆளை மறைக்க வேண்டும் என்றால் பேரை மறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அது சாமியின் பேர் அல்ல, ஊரின் பேரும் அல்ல. பழைய பாய்க்கப்பல்களில் பாய்மரத்தின் அடி இறங்கி நிற்பதற்குக் கப்பலின் வயிற்றில் ஒரு துளைக்கட்டை வைப்பார்கள். அந்தக் கட்டைக்கு எங்கள் கரையில் ஒரு சொல் இருந்தது. அதுதான் எங்கள் பேர். எங்கள் பக்கத்தில் தகப்பனின் பேர்தான் பிள்ளைக்கு முன்னெழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிக்கொண்டு போகும். எங்கள் வீட்டில் மட்டும் தகப்பனின் பேருக்கும் முன்னால் இந்தக் கட்டை மாறாமல் நிற்கும். பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பேர் கூப்பிடும்போது வாத்தியார் என் பேரில் வந்து ஒருமுறை நின்றுதான் தாண்டுவார். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம்தான். அதனால் அந்த நிற்பை நெடுநாள் தாங்க வேண்டியிருக்கவில்லை.

பேர் வந்த கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். நெல் ஏற்றி வந்த ஒரு கப்பல் புயலில் உடைந்தது. எல்லோரும் போக, ஒருவர் மட்டும் அந்தத் துளைக்கட்டையைக் கட்டிப்பிடித்தபடி கரையில் ஒதுங்கினார். அவரை அதன்பிறகு யாரும் அவருடைய சொந்தப் பேரால் கூப்பிடவில்லை. அவருடைய மகனும் கப்பலோட்டினார். வடகரையில் பெரிய தண்டையல். கப்பலின் தலைவரைத் தண்டையல் என்பார்கள். அந்த மகன்தான் எங்கள் பூட்டன், தகப்பனின் பாட்டன். ஒரு முறை கயிறு இழுத்ததில் இடக்கையில் இரண்டு விரல் போய்விட்டதாம். பிறகு ஒரு நாள் ரங்கூனுக்குப் போனவர் திரும்பவில்லை. கதை அதோடு முடிந்துவிடும். சொல்கிறவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

வானொலியில் மரண அறிவித்தல் போகும் நேரம் எங்கள் அப்பா, ஐயா என்றுதான் கூப்பிடுவோம், சாப்பாட்டுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்பார். "இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட" என்று அந்தக் குரல் தொடங்கும்போது வீட்டில் ஒருவரும் கதைக்கக் கூடாது. எங்கள் பேர் வருகிறதா என்று பார்ப்பார். வந்ததேயில்லை. முடிந்ததும், "எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார். செத்தவர்களில் இல்லை என்ற ஆறுதலா, உலகத்திலேயே இல்லை என்ற பெருமையா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஐயாவிடமிருந்து அந்தப் பெருமை அண்ணைக்கு வந்தது. எனக்கு வந்தது வானொலி. அதையும் இடம்பெயர்ந்த நேரம் ஒரு மூட்டை அரிசிக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் ஓரிடத்தில் இருக்கிறவன் அல்ல. சண்டை ஓடவைத்தது பாதி, கால் ஓடவைத்தது பாதி. லொறியில் கிளீனராக இருந்தேன். மன்னாரில் உப்பு அள்ளினேன். முல்லைத்தீவுக் கரையில் மீன்வாடிகளில் சமைத்தேன். வாடி என்றால் பருவத்துக்கு வந்து தொழில் செய்கிறவர்கள் கடற்கரையில் போடுகிற கொட்டில். பருவம் முடிந்தால் தடிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடலைத் தாண்டி இந்தியாவில் முகாமிலும் இருந்தேன். எங்கே போனாலும் என்னிடம் இருந்த ஒரே முதல் அந்தப் பேர்தான். புது ஊரில் நாலு பேரை அறிந்துகொள்ள அது போதும். என்ன பேர் அது, எங்கேயிருந்து வந்தது என்று கேட்பார்கள். நான் புயல் கதையைச் சொல்வேன். யாராவது தேத்தண்ணி வாங்கித் தருவார்கள்.

ஆனால் ஐயா நினைத்தது போல அந்தப் பேர் எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. அதை முதலில் கண்டவன் நான்தான்.

முதல் தடவை மன்னாரில். லொறி பழுதாகி நின்றது. மழை. தேத்தண்ணிக்கடைக்காரர் என் பேரைக் கேட்டுவிட்டு, "இஞ்சை அந்தப் பேரிலை ஒரு வீடு இருக்கே" என்று கையை நீட்டிக் காட்டினார். நான் நம்பாமல் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊர்?"

"வடமராட்சிப் பக்கம்."

"எங்களுக்கு அங்கை ஒருத்தரும் இல்லையே."

"எங்களுக்கும் இஞ்சை ஒருத்தரும் இல்லை."

அவர் சிரித்தார். உள்ளே பார்த்து, "இஞ்சாரும், எங்கடை பேரிலை ஒரு ஆள் வந்து நனைஞ்சுகொண்டு நிக்குது" என்றார். அன்று அந்த வீட்டில் சுறா வறையும் சோறும் சாப்பிட்டுவிட்டு, காய்ந்த பாயின் மேல் படுத்தேன். உறவு என்ன என்று இருவருக்கும் தெரியவில்லை. தெரியாததால் சாப்பாடு குறையவும் இல்லை.

பிறகு முல்லைத்தீவில் ஒரு பெண். தகப்பனுடைய பேர் என்று அந்தக் கட்டையின் பேரைச் சொன்னாள். அவர்களுக்கும் வடகரையில் ஆள் இல்லை, அவர்கள் முல்லைத்தீவுக்காரர்தானாம். பிறகு இந்திய முகாமில் உலர் உணவு கொடுக்கிற இடத்தில் அந்தப் பேரைக் கூப்பிட, நானும் நரைத்த தலையோடு ஒருவரும் ஒரே நேரம் எழுந்தோம். திருகோணமலைக்காரர். யாருக்கு முதலில் என்று கூப்பிட்டவர் முழித்தார். "தம்பிக்குக் குடுங்கோ, அவன் மெலிஞ்சுபோய் நிக்கிறான்" என்றார் அந்த மனிதர். முகாமில் இருந்த காலம் முழுவதும் நாங்கள் இருவரும் ஒரு அடுப்பில் சமைத்தோம். அந்தப் புகையும், புழுங்கல் அரிசியின் வாசமும், அவர் பொய் சொல்லிச் சொல்லிச் சீட்டு விளையாடியதும் இப்போதும் நினைவில் நிற்கின்றன. முகாமை நினைத்து ஏங்குகிறேன் என்று சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். நான் ஏங்குவது முகாமுக்கு அல்ல.

ஊருக்கு வந்து இதையெல்லாம் சொன்னபோது அண்ணை பத்திரிகையைக் கீழே வைக்கவேயில்லை.

"உவங்கள் ஆற்றையோ பேரைக் களவெடுத்து வைச்சிருக்கிறாங்கள்."

"பேரை ஆர் அண்ணை களவெடுக்கிறது?"

"அப்ப எங்கடை ஆக்கள்தான். எப்பவோ பிரிஞ்சு போனவை. எப்பிடிப் பாத்தாலும் ஒரு வேர்தான். இந்தப் பேர் ரெண்டு இடத்திலை முளைக்காது."

இதைச் சொல்லும்போது அண்ணைக்குத் தெரியாது, இந்தச் சொல் பிறகு தன் கழுத்தையே பிடிக்கும் என்று.

அண்ணைக்கு ஒரே மகள், என் பெறாமகள். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் வேலை. போன வருடம் நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தபோது மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, தொலைபேசியில் கூப்பிட்டா. "ஒருக்கா வந்திட்டுப் போம். உம்மடை அண்ணர் சாப்பிடுறாரில்லை" என்றா. ஏதும் நோய் வருத்தமோ என்று பயந்து பஸ் ஏறினேன்.

வருத்தம் இல்லை. பெறாமகள் கூட வேலை செய்கிற ஒரு பெடியனை விரும்பியிருந்தாள். நல்ல பெடியன், குடியில்லை, தகப்பன் அங்கே பக்கத்தில் கொழும்புத்துறையில் கடற்றொழில். அண்ணை முதலில் ஓம் என்றுதான் இருந்தாராம். சாதகம் பார்க்கப் பெடியனின் முழுப் பேரைக் கேட்டபோதுதான், தகப்பனின் பேருக்கு முன்னால் அந்தத் துளைக்கட்டை வந்து நின்றது.

"ஒரே பேர். ஒரே வேர்," என்றார் அண்ணை. நான் செருப்பைக் கழற்ற முதலே தொடங்கிவிட்டார். "ஆண்வழியிலை வந்த பேர். அப்ப அந்தப் பெடியனும் இவளும் என்ன முறை? அண்ணன் தங்கச்சி முறை. எந்தக் கோயிலிலை வைச்சுத் தாலி கட்டுறது?"

"எத்தினை தலைமுறைக்கு முந்தியோ தெரியாதே," என்றா மச்சாள்.

"தலைமுறை போனா முறை மாறுமோ? நீர் என்ன கதைக்கிறீர்?"

"நீங்கள்தானே ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனீங்கள், இந்தப் பேர் ரெண்டு இடத்திலை முளைக்காதெண்டு. இப்ப முளைச்சிருக்கெண்டு சொன்னா என்ன குறைஞ்சா போகும்?"

வாழ்க்கை முழுவதும் அரிது அரிது என்று சொன்ன பேர் கொஞ்சம் மலிவாக இருக்கக் கூடாதா என்று அண்ணையே ஏங்கியது முகத்தில் தெரிந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியவில்லை.

பெறாமகள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"சித்தப்பா, அண்ணன் முறை எண்டால் நான் விட்டிடுவன். அழுதுபோட்டு விட்டிடுவன். ஆனா சரியாத் தெரிஞ்சுகொண்டு வந்து சொல்லுங்கோ. வெறும் பேருக்காக விடச் சொல்லாதேங்கோ."

"நான் என்னத்தைப் பிள்ளை தெரிஞ்சுகொண்டு வாறது?"

"நீங்கள்தானே எங்கை போனாலும் எங்கடை பேரைக் கண்டுபிடிக்கிறனீங்கள். கொழும்புத்துறை மன்னாரிலும் தூரமோ?"

அடுத்த நாள் காலை அண்ணையின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் கடலும் அவர்கள் கடலும் வேறு. எங்கள் பக்கம் எழும்பி அடிக்கிற கடல். அங்கே பரவைக்கடல், அடுப்பில் வைத்த பால் போலச் சும்மா கிடக்கும். எதிர்க்கரையில் பூநகரி ஒரு கோடாகத் தெரிந்தது. பெடியனின் தகப்பன் கடலுக்குப் போயிருந்தார். வீட்டில் அவருடைய அக்கா மட்டும் இருந்தா, பெடியனுக்கு மாமி. கலியாணம் கட்டாதவ. முற்றத்தில் கோழிகளுக்குத் தேங்காய்ப்பூச் சக்கையும் மீன்தலையும் எறிந்துகொண்டிருந்தா.

"பொம்பிளை வீட்டாக்கள் அனுப்பின ஆளோ?"

"ஓம் அக்கா. சித்தப்பன்காரன்."

"கட்டைக்காரர் கட்டைக்காரரைத் தேடி வந்திருக்கிறார். இருங்கோ," என்றா. தான் சொன்னதற்குத் தானே சிரித்தா.

இருந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. நேரே போய், எங்கள் பேரை எங்கே எடுத்தீர்கள் என்று எப்படிக் கேட்பது? மன்னார்க் கதையைச் சொன்னேன், முகாம் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தா. பேச்சு கோழிக்கு வந்தது. வாடியில் நான் கோழி வளர்த்த கதையைச் சொல்லி, "கொஞ்சம் தவிடு குழைச்சுப் போட்டா இன்னும் நல்லா முட்டை இடும் அக்கா" என்றேன்.

அவவின் கை நின்றது.

"இந்த வீட்டுக்குள்ளை தவிடு வாறேல்லை."

"ஏன்?"

"வாறேல்லைத் தம்பி. அம்மாவும் கொண்டு வரேல்லை, அப்பாச்சியும் கொண்டு வரேல்லை. மாடு நிண்ட காலத்திலையும் புண்ணாக்குத்தான். எங்கடை அப்பப்பா தவிட்டுக்கு வித்த பிள்ளை. வித்ததை இன்னும் திருப்பி வாங்கேல்லை. அது வரைக்கும் தவிடு படி ஏறக் கூடாதாம்."

தவிட்டுக்கு விற்பது நான் அறிந்த சங்கதிதான். ஒரு வீட்டில் பிறக்கிற பிள்ளையெல்லாம் செத்துக்கொண்டிருந்தால், அடுத்துப் பிறக்கிறதை அரிசி புடைக்கிற சுளகில் கிடத்தி வேறு யாருக்காவது விற்பார்கள். வாங்குகிறவர் ஒரு சுளகு தவிடு கொடுத்து, பிள்ளைக்குத் தன் விருப்பப்படி ஒரு பேர் வைப்பார். பிறகு பிள்ளை பெற்றவளிடமேதான் வளரும். ஆனால் அது அவளுடைய பிள்ளை அல்ல. சாவு வந்து அந்த வீட்டுப் பிள்ளையைத் தேடினால் அங்கே வேறு ஒருத்தரின் பிள்ளைதான் கிடக்கும். பிள்ளை வளர்ந்து, கலியாணத்துக்கு முதல் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்க வேண்டும்.

"ஆருக்கு வித்தவை?" என்று கேட்டேன். எனக்கு விடை பாதி தெரிந்துவிட்டது.

"வடக்குக் கரையிலை இருந்து வந்த ஒரு தண்டையலுக்கு. கப்பல் பழுதாகி இஞ்சை நிண்டிருக்கு. தகப்பன்காரர் கட்டையைப் பிடிச்சுக்கொண்டு புயலிலை தப்பின ஆளெண்டு கேள்விப்பட்டு, அப்பப்பாவின்ரை தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அந்த ஆளின்ரை காலடியிலை வைச்சவவாம். சாவுக்கு எட்டாத பேரல்லோ. அவர் தன்ரை பேரையே வைச்சிட்டுத் தவிட்டைக் குடுத்திட்டுப் போனவர். பிள்ளை தப்பிட்டுது. கலியாணத்துக்கு முதல் வந்து தவிட்டை வாங்கிக்கொண்டு போறன் எண்டவராம். வரேல்லை."

"அவருக்குக் கையிலை ஏதும்..."

"இடக்கையிலை ரெண்டு விரல் இல்லை," என்றா. அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தா. "உங்களுக்கு அவர் ஆர்?"

"எங்கடை பூட்டன்."

"ஏன் வரேல்லை?"

"ரங்கூன் போனவர். கப்பல் திரும்பேல்லை."

அவ கையில் மிச்சமிருந்த மீன்தலையைக் கோழிகளுக்கு எறிந்தா. "அப்பிடியே," என்றா. "நாங்கள் மறந்துபோனார் எண்டெல்லோ இவ்வளவு காலமும் கதைச்சனாங்கள். பாவம்."

எங்கள் வீட்டில் அந்தக் கதை ரங்கூனில் முடிந்தது. இவர்கள் வீட்டில் அது ஒரு சுளகு தவிட்டோடு முடியாமல் நின்றது.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். இரத்தம் இல்லை, பேர் மட்டும்தான். பெறாமகளுக்கு இனி வழி திறந்துவிட்டது என்று நினைத்தேன். மச்சாளும் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டா. பெறாமகள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் அண்ணை பத்திரிகையை மடித்து மடியில் வைத்தார்.

"வித்தவையோ?"

"ஓம்."

"பூட்டன் வாங்கினவரோ?"

"ஓம் அண்ணை."

"அவரே பேர் வைச்சவரோ?"

"ஓம்."

"திருப்பி வாங்கேல்லையோ?"

பேச்சு எங்கே போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது.

"அப்ப அது எங்கடை பூட்டன்ரை பிள்ளை," என்றார் அண்ணை. "பூட்டன் தவிட்டைக் குடுத்து வாங்கினவர். ஊரறிய வாங்கினவர். அந்தப் பிள்ளையைச் சாவே எங்கடை பிள்ளையெண்டு ஒத்துக்கொண்டு விட்டிட்டுப் போயிருக்கு. நான் இல்லையெண்டு சொல்லட்டோ? இவளும் அந்தப் பெடியனும் அண்ணன் தங்கச்சிதான்."

"ஐயோ, உதென்ன நியாயம்?" என்றா மச்சாள்.

"நியாயமில்லாமல் என்ன? இரத்தம் இல்லையெண்டதுக்காகப் பூட்டன்ரை சொல்லு இல்லையெண்டு ஆகுமோ?"

அண்ணையைப் பிடிவாதக்காரர் என்று சொல்லலாம். எனக்கு அன்று அப்படித் தோன்றவில்லை. மன்னாரில் யாரென்று தெரியாத எனக்குப் பாய் விரித்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஒருவேளை அவர்களும் தவிட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம். முல்லைத்தீவுப் பெண்ணின் ஆட்கள், திருகோணமலை மனிதர், எல்லோரும். அந்தக் கப்பல் தங்கின துறைகளில்தானே நான் அந்தப் பேரைக் கண்டேன். சாகிற பிள்ளைகளின் தாய்மார் அந்த விரலில்லாத மனிதரைத் தேடி வந்திருப்பார்கள். நிச்சயமாகத் தெரியாது, ஆனால் அப்படி நினைத்தபோது, அவர்களெல்லாம் எங்கள் ஆட்கள் என்று அண்ணை சொன்னது எனக்குப் பிழையாகப் படவில்லை. அந்த நியாயம்தான் இந்தப் பிள்ளையின் வாயில் மண்ணைப் போட்டது.

அண்ணை அன்றும் சாப்பிடவில்லை. பெறாமகளும் சாப்பிடவில்லை. நானும் மச்சாளும் குசினியில் இருந்து புட்டைத் தின்றோம். வாடியிலும் முகாமிலும் பசி கிடந்தவன் நான். எந்தத் துக்கத்திலும் சாப்பிட்டுவிடுவேன்.

அப்போது பெறாமகள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"சித்தப்பா, மாமி என்ன சொன்னவ? இன்னும் திருப்பி வாங்கேல்லை எண்டோ, இனி வாங்கேலாது எண்டோ?"

"இன்னும் வாங்கேல்லை எண்டுதான்."

"அப்ப இப்ப வாங்கினால் என்ன?"

மச்சாள் கையில் எடுத்த புட்டைக் கோப்பையில் போட்டுவிட்டு எழுந்தா. "இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டுக்கொண்டு அண்ணையிடம் போனா.

அண்ணை நெடுநேரம் யோசித்தார். விற்றவளும் இல்லை, வாங்கினவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. மூவரும் செத்து நெடுங்காலம் ஆகிவிட்டது. யாரிடம் யார் மீட்பது? கடைசியில், "வாங்கின பக்கத்திலை மூத்தவன் நான். வித்த பக்கத்திலை ஆரும் மூத்த ஆள் கொண்டந்தால் நான் வாங்க மாட்டன் எண்டு சொல்லேலாது. அது அவையின்ரை உரிமை" என்றார். மகளுக்காகச் சொன்னாரா, முறைக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கொழும்புத்துறையிலிருந்து ஓட்டோவில் வந்தார்கள்: மாமியும், பெடியனின் தகப்பனும், பெடியனும். மாமி மடியில் ஒரு புதுச் சுளகை வைத்துக்கொண்டு வந்தா. அதன் மேல் வெள்ளைத்துணி. தகப்பன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பெரிய கரைச்சல் தம்பி. அக்கா தவிட்டை வீட்டுக்குள்ளை எடுக்க விடமாட்டன் எண்டு நிண்டவ. மில்லிலை வாங்கி, ஒரு கிழமை பக்கத்து வீட்டிலை வைச்சிருந்து, அங்கையிருந்து நேரை ஓட்டோவிலை ஏத்தினனாங்கள்."

"பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னவை?"

"தங்கடை கோழி பாதியைத் திண்டிட்டுதாம். திருப்பவும் போய் வாங்கினது."

அண்ணை குளித்து, வேட்டி கட்டி, முற்றத்தில் நின்றார். யாருக்கும் சரியான முறை தெரியாது. ஐயரைக் கூப்பிடவில்லை, ஐயருக்கும் இதில் வேலையில்லை. மாமி சுளகை இரண்டு கையாலும் நீட்டினா.

"உங்கடை ஆள் தந்த தவிட்டைக் கொண்டு வந்திருக்கிறம். எங்கடை பிள்ளையைத் தாங்கோ."

அண்ணை சுளகுக்குக் கை நீட்டினார்; நீட்டிய கை அப்படியே நின்றது. பெறாமகள் தூணுக்குப் பின்னால் நின்றாள். பெடியன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பிள்ளை நல்லா இருந்ததோ?" என்று கேட்டார் அண்ணை.

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. மாமி சுளகை இறக்காமல் நிமிர்ந்து பார்த்தா. பிறகு, "நல்லா இருந்தார். எட்டுப் பிள்ளை பெத்தவர். கடைசி மட்டும் கடலுக்குப் போனவர். பல்லு விழுந்தாப் பிறகும் நண்டு திண்டவராம்" என்றா.

"அப்ப சரி," என்று அண்ணை சுளகை வாங்கினார். "உங்கடை பிள்ளை உங்களுக்கு. எங்களுக்கு இனி உரித்தில்லை."

சொல்லி முடித்ததும் திரும்பி நின்று தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். மகளின் கலியாணத்துக்கு வழி விட்ட மனிதர் அழுகிறார் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு அது ஐயா வானொலியை நிறுத்துகிற நேரம் மாதிரி இருந்தது. எங்கள் ஆட்கள் என்று இருந்தவர்களில் ஒரு வீடு அந்த நேரம் குறைந்தது.

பெடியனின் தகப்பன் தயங்கித் தயங்கி, "அப்ப இனி எங்கடை பேர்? அதையும் மாத்த வேணுமோ?" என்று கேட்டார்.

"பேரை ஆர் திருப்பிக் கேட்டது?" என்றார் அண்ணை, துவாயை எடுக்காமல். "பிள்ளையைத்தான் தந்தது. பேரை வைச்சிருங்கோ. அது நல்ல பேர்."

"அப்ப எனக்குக் கலியாணத்துக்குப் பிறகும் கையெழுத்து மாறாது," என்று தூணுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. மச்சாள் அவளை உள்ளே போகச் சொல்லி அதட்டினா. அதட்டும்போதே சிரித்தா.

தேத்தண்ணி குடித்து, நாள் பார்ப்பது பற்றிக் கதைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கச் சொல்லி நிற்காமல், அவர்கள் புறப்பட்டார்கள். தவிட்டை என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. சுளகு விறாந்தை மூலையில் கிடந்தது. இரண்டு காகம் வந்து பார்த்துக்கொண்டிருந்தன. பெடியனின் தகப்பன் ஓட்டோவில் ஏறிவிட்டார். மாமி மட்டும் வாசல் படலையடியில் நின்று திரும்பி என்னைக் கூப்பிட்டா. மெதுவாகக் கேட்டா, அண்ணைக்குக் கேட்கக் கூடாது என்பது போல.

"தம்பி, உதிலை கொஞ்சம் ஒரு பையிலை போட்டுத் தாரும். கோழிக்குக் குழைச்சுப் பாப்பம்."